மாரண்டஹள்ளியில் இங்கிலீஷ் கல்ச்சர்

தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. பினாங்கிலிருந்து புறப்படும்போது எல்லாரும் சொல்லி அனுப்பிய புத்திமதி ஒன்றுதான்: இந்தியாவில் யாரையும் நம்பாதே. அவர்கள் சொல்லாவிட்டாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். என் படிப்பு அப்படி.

எழுபதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், நவீன ஆங்கில இலக்கியமும் கலாசாரமும். எங்கள் பேராசிரியர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கதை சொல்கிறவனை நம்பாதீர்கள், இப்படிச் சொல்வதால் அவனுக்கு என்ன லாபம் என்று பாருங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். ஒரு வருடம் இதையே படித்தால், காய்கறிக்காரி "இன்னைக்கு வெண்டைக்காய் நல்லா இருக்கு" என்று சொன்னால்கூட ஏன் சொல்கிறாள் என்று யோசிக்கத் தோன்றும்.

இலக்கியத்துக்குப் பரீட்சை, கலாசாரத்துக்குக் கள ஆய்வு. ஆங்கிலப் புத்தகமே படிக்காத மக்களின் வாயில் ஆங்கிலச் சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்று ஏதாவது ஓர் ஊரில் தங்கி எழுதிவர வேண்டும். எனக்கு மாதையன் சித்தப்பா ஞாபகம் வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் விவசாயம். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அம்மா எப்போதோ போய்விட்டாள், அப்பாவும் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. தங்க இடம், சாப்பாடு, ஆய்வுக்கு ஓர் ஊர், எல்லாம் ஒரே வீட்டில் கிடைக்கும் என்றுதான் கிளம்பினேன்.

நான் போனது சொற்களுக்காக. அவர்கள் நான் நிலத்துக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். அப்பாவின் பங்கு நிலம், அதற்குள் ஒரு கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சித்தப்பாவின் பங்கும் விளைந்தது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

பாலக்கோடு போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்: "யாரு வூட்டுக்குங்க?"

"மாதையன் வீட்டுக்கு."

"எந்த மாதையனுங்க? எங்கூருலயே நாலு மாதையன் இருக்கறாங்க."

மலாயா போன பச்சையப்பனின் தம்பி என்றேன். அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். "அதான பாத்தேன்," என்றாள். எதைப் பார்த்தாள் என்று சொல்லவில்லை. முன் இருக்கைக்காரர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, அவரும் அதையே பார்த்தவர்போலத் தலையாட்டினார்.

வழியில் ரேடியேட்டரில் தண்ணீர் தீர்ந்து பஸ் நின்றது. கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக் கிணற்றுக்குப் போனார். பினாங்கில் பஸ் நின்றால் ஆளுக்கு ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து என் பெட்டியைப் பார்த்தார்கள். உள்ளே என்ன என்று ஒருவர் கேட்டார். புத்தகம் என்றேன். "இவ்வளவுமா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர் சிரித்தார். நான் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

மாரண்டஹள்ளியில் சித்தப்பா நின்றிருந்தார். அப்பாவின் அதே காது, அதே நடை, நிறம் மட்டும் இன்னும் ஒரு படி வெயில். "வாங்க," என்றார். கூடப் பிறந்தவரின் மகளை யாராவது 'வாங்க' என்பார்களா? எங்கள் வீட்டில் வாங்க, போங்க எல்லாம் வாடகை கேட்க வருகிறவருக்குத்தான். பாசத்தில் வந்த மரியாதையா, தள்ளி வைக்கிற மரியாதையா என்று தெரியாமல் பின்னால் நடந்தேன். பெட்டியை அவரே தூக்கினார். ஒரு தடவை கையை மாற்றி எடை பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டில் அவரும் சின்னம்மாவும் மட்டும். இரண்டு பெண்களைக் கம்பைநல்லூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பொழுது சாயும் வேளையில் எனக்கு அரிசிச் சோறும் கோழிக் குழம்பும் வந்தது. அவர்கள் தட்டில் ராகிக் களி உருண்டையும் கீரைக் கடைசலும் இருந்தது. எனக்கும் களி வேண்டும் என்றேன். "அது ஒங்களுக்கு எறங்காதுங்க," என்று சின்னம்மா பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"என்ன படிக்கறீங்க?" என்றார் சித்தப்பா.

தமிழில் சொன்னால் புரியாதோ என்று, கள ஆய்வுக்கு வந்த மேதாவித்தனத்தில், ஆங்கிலத்திலேயே சொன்னேன்: மாடர்ன் இங்கிலீஷ் லிட்ரேச்சர் அண்டு கல்ச்சர்.

களியை உருட்டிய விரல்கள் நின்றன. "இங்கிலீஷ் கல்ச்சரா?"

"ஆமாம் சித்தப்பா. இங்கே அதுக்குத்தான் பீல்டு ஒர்க் பண்ண வந்திருக்கேன்."

"பீல்டுல," என்றார்.

"ஆமாம். பீல்டைப் பார்க்காமல் எதுவும் எழுத முடியாது."

சித்தப்பா சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"படிப்பு முடிச்சு?"

"எனக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும்," என்றேன். கல்லூரியில் விரிவுரையாளர் இடத்தை நினைத்துச் சொன்னேன். "இடம் கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்வேன். பிடித்த தொழில்."

அவர் களியைப் பாதியில் விட்டு எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனவர் நெடுநேரம் வரவில்லை. படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு ஒருவர் பாதிக் களியில் எழுந்து போனால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது சரிதான், காரணம்தான் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் சின்னம்மா என்னை விட்டு ஓர் அடி நகரவில்லை. பல் தேய்க்கப் போனால் பின்னால் நிற்கிறாள். கிணற்றடிக்குப் போனால் எனக்கு முன்னால் போய் நிற்கிறாள். "கல்லு வழுக்கும்," என்கிறாள். கல் காய்ந்து கிடந்தது. நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது அவள் என் முகத்தை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தேன். சின்னம்மாவின் முகம் வாடிப்போனது.

ஊருக்குள் போய் விசாரித்தேன். வீட்டில் எந்தெந்தப் பொருளுக்கு ஆங்கிலப் பெயர் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "எங்கூட்ல ஒண்ணும் இல்லீங்க," என்றார்கள். பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒருவர், மாதையன் ரொம்ப நல்ல மனுசனுங்க என்றார். நான் மாதையனைப் பற்றிக் கேட்கவேயில்லை. இன்னொருவர் ஆங்கிலத்தைப் பற்றி யோசிப்பவர்போல யோசித்து, "அந்தக் கெணத்த ஆழப்படுத்துனது அவருதாங்க, தனி ஆளா பாறைய ஒடச்சாரு," என்றார். தாளில் எழுதிக்கொள்ள ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். புத்தகங்கள் நான் அடுக்கிய வரிசையில் இல்லை. மேலே இருந்தது அடியிலும் அடியில் இருந்தது மேலேயும் இருந்தது. ஒன்றும் காணாமல் போகவில்லை. காணாமல் போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எதுவும் எடுக்காமல் எதற்குப் பெட்டியைத் திறக்கிறார்கள்? மத்தியானம் மறுபடியும் கோழி. காலையில் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த சிவப்புச் சேவலைக் காணவில்லை. இவ்வளவு உபசாரம் செய்கிறவர்களுக்கு என்னிடம் ஏதோ வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் சித்தப்பா பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி கொண்டு போனார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார், ஆனால் என்னை நிலத்துப் பக்கம் விட்டுவிட்டுப் போவதைவிடக் கூட்டிப்போவது மேல் என்று நினைத்திருக்க வேண்டும். பஸ்ஸின் நடைபாதை முழுக்கக் கூடைகள். ஒரு மேட்டில் பஸ் குலுங்கியதில் பக்கத்துக் கூடை என் மடியில் சாய்ந்து, வெள்ளைச் சேலை முழுக்கத் தக்காளிச் சாறு. கூடைக்காரர் "பழந்தானுங்க, தொவச்சாப் போயிடும்," என்றார். பினாங்கில் யாராவது இப்படிச் செய்திருந்தால் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். துவைத்ததும் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

சந்தையில் சித்தப்பா எப்போதும் சரக்கு போடுவது பாஷா பாய் மண்டியில். பாய் எனக்கு ஸ்டூல் போட்டு டீ வரவழைத்தார். எங்கள் ஊர்க் கோப்பியைப் போலக் கறுப்பாக இல்லாமல், பாலும் சர்க்கரையுமாக, பாயசத்துக்கும் டீக்கும் நடுவே ஒன்று. சித்தப்பா கூடைகளை இறக்கப் போயிருந்தார்.

"ஒங்கள மாதிரி படிச்சவங்க இதுல எறங்கறது ரொம்ப சந்தோசம்மா," என்றார் பாய்.

"எதிலே?"

"இங்கிலீஷ் கல்ச்சருலதான். ஒங்கூருக்காரங்க நேத்தே சொன்னாங்க. கோசு போடுங்க, பீட்ரூட் போடுங்க. மாரண்டஹள்ளி குளிருக்கு நல்லா வரும். வெதைக்குக் கல்ச்சர் ஆபீசரக் கேளுங்க. எவ்வளவு வந்தாலும் நானே எடுத்துக்கறேன். பெங்களூருக்குப் போவும்."

பாய் சொன்னதை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. அக்ரிகல்ச்சர் ஆபீசரை அந்தப் பக்கத்தில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை, கல்ச்சர் ஆபீசர் என்றுதான் சொல்வார்கள். கோசும் கேரட்டும் பீட்ரூட்டும் அவர்களுக்கு இங்கிலீஷ் காய். பீல்டு என்றால் வயல். இடம் என்றால் நிலம். நான் சாப்பிட்டுக்கொண்டே, எனக்கு நிலம் கிடைத்தால் வாழ்நாள் முழுக்க அதில் இங்கிலீஷ் காய் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சிரித்துவிட்டேன். சித்தப்பாவின் நிலத்தில் நான் எப்படிக் கோசு போடுவேன் என்று பாயைக் கேட்டேன்.

பாய் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "அவரு நெலத்துலயா? கெணறு இருக்கற பாதி ஒங்கப்பா பேருலதானம்மா இருக்குது. இப்ப அது ஒங்களுக்குத்தான். தெரியாதா?"

தெரியாது. அப்பா என்னிடம் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: அங்கே நமக்கு ஒன்றும் இல்லை. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பேராசிரியரின் பாடத்தை எல்லார்மேலும் பிரயோகித்துப் பார்த்த நான் அப்பாமேல் பிரயோகித்ததில்லை. இத்தனைக்கும் அப்பாதான் எனக்கு முதன்முதலில் கதை சொன்னவர்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சித்தப்பா மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என் பெட்டியை நான் பிடிப்பதைப் போலவே அவர் அதைப் பிடித்திருந்ததைக் கவனித்தேன்.

மறுநாள் காலையில் கிணற்று மேட்டில் அவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். இது காய்கறிப் படிப்பு இல்லை, கதைப் புத்தகங்களைப் படிக்கிற படிப்பு என்றேன். அவர் நம்பவில்லை. காய்கறி என்று நினைத்தபோதாவது பயந்தார். இப்போது என்னைப் பொய் சொல்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கத படிக்கறதுக்கு எம்.ஏ.வா?"

"ஆமாம்."

"யாரு எழுதுன கத?"

"வெள்ளைக்காரர்கள் எழுதினது."

"அவங்க எழுதுனத அவங்களே படிச்சுக்க மாட்டாங்களா?"

"நாங்களும் படிப்போம். சொல்கிறவன் உண்மை சொல்கிறானா, பொய் சொல்கிறானா என்று பார்ப்போம்."

"கதன்னாலே பொய்யிதான. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

எங்கள் பேராசிரியர் இதைக் கேட்டிருந்தால் நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளாகப் பின்னாலேயே ஆள் வைத்து, பெட்டியைக் குடைந்து, இப்போது படிப்பையும் சந்தேகப்படுகிறார். நானும் கேட்டுவிட்டேன்: "நிலத்தைப் பற்றி அப்பா உங்களிடம் என்ன சொன்னார்?"

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "கடைசியா வந்துட்டுப் போறப்ப, பஸ்சு ஏறுன பெறவு சொன்னாரு. 'நெலத்த நீயே பாத்துக்கடா'ன்னாரு."

"'வச்சுக்கடா' என்று சொன்னாரா, 'பாத்துக்கடா' என்று சொன்னாரா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. வச்சுக்கடா என்றால் நிலம் அவருடையது. பாத்துக்கடா என்றால் அவர் வெறும் காவல்காரர். ஒரு சொல்லில் கிணறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். சித்தப்பாவுக்கும் அது புரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் உடைத்துக்கொண்டு போனதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்.

"'பாத்துக்கடா'ன்னுதான் சொன்னாரு," என்றார்.

நான் அதற்கு மேல் பேசாமல் வீட்டுக்கு வந்து பெட்டியை அடுக்கினேன். இந்த ஊரில் இனி ஒரு சொல்லும் சேராது. சின்னம்மா வாசற்படியில் வந்து நின்றாள். "பொட்டிய நாந்தான் தொறந்தேன்," என்றாள். "பத்திரம் ஏதாச்சும் இருக்குதான்னு பாத்தேன். புஸ்தகந்தான் இருக்குதுன்னு அன்னிக்கே ஒங்க சித்தப்பாகிட்ட சொன்னேன். அவரு, புஸ்தகத்துக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்கன்னாரு. ஒவ்வொரு பக்கமா பொரட்டிப் பாத்தேன். எல்லாம் எழுத்தாவே இருக்குது, ஒரு படங்கூட இல்ல."

என் பாடப் புத்தகங்களை இத்தனை கவனமாக எங்கள் வகுப்பில்கூட யாரும் புரட்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கிற மனநிலையில் இல்லை. போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சித்தப்பா பாலக்கோடுவரை கூட வந்தார். தருமபுரி பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு என் ஜன்னலுக்குக் கீழே நின்றார், மஞ்சள் பையோடு. நிலத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேர்க்கடலைக்காரர் ஒருவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கூவிக்கொண்டிருந்தார். டிரைவர் ஏறி இன்ஜினைக் கிளப்பினார்.

நான் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேவலை அறுத்தது எதற்கு, மண்டிக்கு அழைத்துப் போனது எதற்கு, இப்போது இப்படி நிற்பது எதற்கு? ஒவ்வொன்றுக்கும் லாபக் காரணம் ஒன்று கிடைத்தது. 'பாத்துக்கடா'வுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சுக்குச் சாட்சி யாரும் இல்லை. சொன்னவர் உயிரோடு இல்லை. கேட்டவர் இவர் ஒருவர்தான். 'வச்சுக்கடா' என்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது, கிணறு அவருடையதாகியிருக்கும். அது தெரிந்தும், யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டு, தனக்கு நஷ்டமான சொல்லைச் சொன்னார். ஒரு வருடமாக நான் தேடிப் படித்த எந்த நாவலிலும் இப்படிக் கதை சொன்ன ஆள் ஒருவரும் கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டியை இறக்கச் சொன்னேன். கண்டக்டர் திட்டிக்கொண்டே இறக்கினார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சித்தப்பா. பதற்றத்தில் 'ங்க' விழுந்துவிட்டது.

"அப்பா என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். நான் உங்களிடம் சொல்லவில்லை."

"என்ன வார்த்த சொன்னாரோ, அப்பிடியே சொல்லு."

"'அங்கே நமக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்வார்."

அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "இல்லேன்னா என்னா? வெளைச்சல் இல்லேன்னாரா, பாத்யதை இல்லேன்னாரா?"

"இல்லை என்றால் இல்லைதான், சித்தப்பா. அவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டார். எழுதத்தான் மறந்துபோனார். வாங்க, ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவோம்."

அவர் கண் நிறைந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, "நீ சும்மா எதுக்குக் குடுக்கற?" என்றார். அந்த நேரத்திலும் விடவில்லை. அதைக் கேட்காமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே ஓட்டுக் கொட்டகையில் பத்திரம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். சர்வே நம்பர் வேண்டும் என்றார். சித்தப்பா மஞ்சள் பையைத் திறந்து பழைய தாள்களை எடுத்து வைத்தார். இதையா கையிலேயே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "நீ வந்த அன்னியிலருந்து இத வூட்ல வெக்கலம்மா," என்றார். பாஷா பாயைச் சாட்சிக்குக் கூட்டி வந்தோம். கோசு வியாபாரம் போச்சு என்று பாய் வருத்தப்பட்டார், ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார்கள். பேனாவையும் நீட்டினார்கள். நான் பேனாவை வாங்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். 'என் சுய நினைவுடனும், முழு மனதுடனும், பிறர் தூண்டுதல் ஏதும் இன்றியும்' என்ற இடத்தில் நின்றேன். பிறர் தூண்டுதல் இன்றியா? ஓர் ஊரே சேர்ந்து சந்தேகப்பட்டுத்தான் எனக்கு இப்படி ஒரு நிலம் இருப்பதே தெரிந்தது.

எழுதுகிறவர் பொறுமை இழந்தார். "அதெல்லாம் எல்லாப் பத்திரத்துலயும் வர்றதுதாம்மா. வழக்கமான வாசகம். யாரும் படிக்கறதில்ல. கையெழுத்த மட்டும் போடுங்க."

நான் தலை நிமிர்வதற்குள் சித்தப்பா கையைக் குறுக்கே நீட்டினார்.

"அவ படிக்கட்டுங்க," என்றார். "அவ படிப்பே அதாங்க."